விமானத்தில் யார் இருந்தார்கள்

போர் நடக்கும் காலத்தில் பயணிகள் விமானம் ஒன்று சுட்டு வீழ்த்தப்பட்டால் ஊர் முதலில் கேட்பது, "உள்ளே யார் இருந்தது?" என்றுதான். கேட்பவருக்கு முழுப் பட்டியல் வேண்டாம். ஒரு பெயர் போதும், கொஞ்சம் பெரிய பெயராக இருந்தால் நல்லது. அது கிடைத்துவிட்டால் நடந்ததற்குக் காரணமும் கிடைத்துவிடுகிறது. கிடைக்காவிட்டால் நாமே உண்டாக்கிக்கொள்கிறோம். கொஞ்ச காலமாக இரவில் இந்த விமானங்களைப் பற்றியே வாசித்துக்கொண்டிருக்கிறேன். தூக்கத்துக்கு முன் வாசிக்கத் தகுந்தவை அல்ல. வாசிக்க வாசிக்க, சுட்டவர்களைப் பற்றிய யோசனை குறைந்து, அந்த முதல் கேள்வியைப் பற்றிய யோசனை கூடிவிட்டது.

*

லிஸ்பன் நகரின் போர்ட்டெலா விமான நிலையம், 1943. போர்ச்சுகல் நடுநிலை நாடு. அதனால் பிரிட்டிஷ் விமானமும் வாலில் ஸ்வஸ்திகம் எழுதிய லுஃப்தான்சா விமானமும் ஒரே முற்றத்தில் நின்றன, பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள் பொதுக்கிணற்றில் தண்ணீர் எடுப்பதைப் போல. யார் எதில் ஏறுகிறார் என்று இரு தரப்பு ஒற்றர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அங்கிருந்து பிரிஸ்டல் நகருக்குப் பக்கத்தில் உள்ள விட்சர்ச்சுக்கு ஒரு வழக்கமான விமானச் சேவை ஓடிக்கொண்டிருந்தது. நடத்தியது பி.ஓ.ஏ.சி. என்ற பிரிட்டிஷ் நிறுவனம். விமானங்கள் டச்சு நிறுவனமான கே.எல்.எம்.முக்குச் சொந்தம், விமானிகளும் அதன் டச்சுக்காரர்கள். 1940 மே மாதம் ஜெர்மனி ஹாலந்துக்குள் புகுந்தபோது தப்பி இங்கிலாந்து வந்து சேர்ந்தவர்கள். அந்த விமானங்களில் ஒன்றான டிசி-3க்கு ஐபிஸ் என்று பெயர். நம் வயல்களில் இறங்கும் அரிவாள்மூக்கன்தான் ஐபிஸ்.

1942 நவம்பர் 15 அன்று ஒரு ஜெர்மன் போர் விமானம் ஐபிஸைச் சுட்டது. அடிபட்ட நிலையிலேயே அது லிஸ்பன் போய்ச் சேர்ந்தது. 1943 ஏப்ரல் 19 அன்று ஆறு விமானங்கள் சூழ்ந்துகொண்டன. அன்று ஓட்டியவர் பார்மென்டியர். 1934இல் லண்டனிலிருந்து மெல்பர்ன் வரை நடந்த விமானப் பந்தயத்தில் ஒரு பயணிகள் விமானத்தை ஓட்டி இரண்டாவதாக வந்து உலகையே திரும்பிப் பார்க்க வைத்தவர். கடலுக்கு மேல் ஐம்பதடி உயரம் வரை தாழ இறக்கினார். பிறகு சட்டென்று மேலே ஏற்றி மேகத்துக்குள் நுழைந்து தப்பினார். பழுதானதைச் சரி செய்து, இறக்கையின் நுனியை மாற்றி, ஐபிஸை மறுபடி அதே தடத்தில் விட்டார்கள்.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. இரண்டு முறை அடிபட்ட விமானத்தை மூன்றாவது முறை பட்டப்பகலில் அதே கடல் மேல் அனுப்புவது எந்த ஊர் நியாயம்? ஆனால் அவர்கள் கையில் ஒரு கணக்கு இருந்தது. அதுவரை ஐநூறுக்கு மேற்பட்ட பறப்புகள், ஏறத்தாழ 4,000 பயணிகள். இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லை, இனியும் ஆகாது என்பதுதான் அந்தக் கணக்கு. போர்க்காலத்தில் எல்லோரும் நம்பியாக வேண்டிய கணக்கு அது. நம்பாதவர் வீட்டை விட்டு வெளியே காலெடுத்து வைக்க முடியாது.

*

ஜூன் 1, செவ்வாய்க்கிழமை. பதின்மூன்று பயணிகள், நான்கு பணியாளர்கள். ஒரு சிறுவனும் அவனைக் கவனித்துக்கொள்ளும் பெண்ணும் போயிருக்க வேண்டியது. முக்கியமானவர்களுக்கு இடம் வேண்டும் என்று அவர்களை இறக்கிவிட்டார்கள். ஒரு கத்தோலிக்கப் பாதிரியாரும் கடைசி நேரத்தில் இறங்கிக்கொண்டார்.

அந்த முக்கியமானவர் லெஸ்லி ஹோவர்ட். 'கான் வித் த விண்ட்' படத்தில் ஆஷ்லி வில்க்ஸாக நடித்தவர். கூடவே அவருடைய கணக்குகளையும் ஒப்பந்தங்களையும் பார்த்துக்கொண்ட ஆல்ஃபிரட் சென்ஹால்ஸ். பருத்த உடல், வாயில் சுருட்டு.

புறப்பட்டு மூன்று மணி நேரம் கடந்த பின், பிஸ்கே விரிகுடாவின் மேல், இனம் தெரியாத விமானங்கள் பின்தொடர்கின்றன என்று ஐபிஸிலிருந்து செய்தி வந்தது. பிறகு சுடுகிறார்கள் என்று வந்தது. அதன் பின் ஒன்றும் வரவில்லை. வந்தவை எட்டு ஜூ-88 விமானங்கள். பதினேழு பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. மறுநாள் அதே கடல் மேல் ரோந்து போய், ஐபிஸின் தடயமும் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்த சண்டர்லாண்ட் ரக விமானத்தை மறுபடி எட்டு ஜூ-88கள் தாக்கின. அதன் ஆட்கள் திருப்பிச் சுட்டபடியே கார்ன்வால் கரை வரை வந்து சேர்ந்ததை ராணுவ வரலாற்றுக்காரர்கள் இன்னும் வியந்து எழுதுகிறார்கள். அந்த விமானத்தில் துப்பாக்கிகள் இருந்தன. ஐபிஸில் இல்லை.

*

பிறகு கதை தொடங்கியது. சர்ச்சில் அந்த நாட்களில் வட ஆப்பிரிக்காவில் இருந்தார். சுருட்டுப் பிடிக்கும் பருத்த மனிதர் ஒருவர் லிஸ்பனில் விமானம் ஏறுவதைக் கண்ட ஜெர்மன் ஒற்றர்கள் அவரைச் சர்ச்சில் என்று நினைத்துத் தகவல் கொடுத்தார்கள் என்பது கதை. சர்ச்சிலே தம் போர் நினைவுகளில் இதை எழுதினார். ஒரு நாட்டின் பிரதமர், துணைக்குப் போர் விமானம் இல்லாமல், பகலில், சாதாரணப் பயணிகள் விமானத்தில் வருவார் என்று நம்பிய ஒற்றர்களின் மடத்தனத்தைக் கேலியும் செய்தார். கேலி நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்படி எழுதியதால், அந்தப் பதினேழு பேரும் தங்கள் சாவில்கூட வேறொருவர் கதையின் துணைப் பாத்திரங்கள் ஆகிவிட்டார்கள்.

சர்ச்சில் இல்லை, ஹோவர்டுக்குத்தான் குறி என்றது இன்னொரு கட்சி. நாஜிகளைக் கிண்டலடித்துப் படம் எடுத்தவர், ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் பிரிட்டனுக்காகச் சொற்பொழிவாற்றித் திரும்பிக்கொண்டிருந்தவர், ஆகவே கோயபல்ஸுக்குப் பகை. அவர் மகனே தந்தையைப் பற்றி எழுதிய புத்தகத்தில் இந்தக் காரணத்தை விடாமல் தேடினார். ஒரு மகன் அதைத்தானே செய்வான். அப்பா பிழையாகச் சுடப்பட்டார் என்பதைவிட, அப்பாவுக்குப் பயந்து சுட்டார்கள் என்பதைத் தாங்கிக்கொள்வது எளிது.

சுட்ட படைப்பிரிவின் விமானிகள் பல ஆண்டுகளுக்குப் பின் வரலாற்றாய்வாளரிடம் பேசினார்கள். அந்த வழியாகப் பயணிகள் விமானம் வரும் என்று தங்களுக்கு யாரும் சொல்லவில்லை என்றார்கள். எதிரி நாட்டு விமானம் என்று கண்டார்கள், சுட்டார்கள். சொல்லாமல் விட்ட மேலதிகாரிகள் மேல் பின்னால் ஆத்திரப்பட்டார்கள். முழு உண்மை இதுதானா என்று சாதிக்க நான் யார். எனக்கு நம்பத் தகுந்ததாகப் படுவது இதுதான். பெரிய மனிதர் யாரையும் தேடி வந்தவர்கள் அல்ல அவர்கள்.

*

அந்தப் பட்டியலில் நான் நின்றுபோன பெயர் வேறு. வில்ஃபிரிட் இஸ்ரேல். பெர்லினில் பெரிய துணிக்கடைக் குடும்பம், யூதர். 1938 நவம்பர் வன்முறைக்குப் பிறகு யூதக் குழந்தைகளை பிரிட்டனுக்கு அனுப்பிய முயற்சிக்குப் பின்னிருந்து உழைத்தவர்களில் ஒருவர். ஏறத்தாழ 10,000 குழந்தைகள் அப்படித் தப்பினார்கள். கிறிஸ்டபர் ஐஷர்வுட் தம் பெர்லின் கதைகளில் இவரை வைத்துத்தான் ஒரு பாத்திரம் படைத்தார். 1943 வசந்தத்தில் ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் முடங்கிக் கிடந்த யூத அகதிகளைத் தேடிப் போய், பாலஸ்தீனத்தில் குடியேறுவதற்கான அனுமதிச் சீட்டுகளைக் கொடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்.

அன்று நாஜி அரசுக்கு உண்மையிலேயே எதிரி என்று அந்த விமானத்தில் ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் இவரைச் சொல்லலாம். ஆனால் வதந்தி இவரைத் தேடி வரவில்லை. முகம் தெரியாதவரைச் சுற்றி வதந்தி சேர்வதில்லை. அவர் சேர்த்து வைத்திருந்த ஆசியக் கலைப்பொருட்கள் இன்று இஸ்ரேலில் ஹசோரியா என்ற கூட்டுப் பண்ணைக் குடியிருப்பில் அவர் பெயரிலேயே அருங்காட்சியகமாக இருக்கின்றன.

இவர் பெயரைக் கண்டு மகிழ்ந்ததை யோசிக்கும்போது, நானும் அதே வேலையைத்தான் செய்கிறேனோ என்று படுகிறது. நடிகரைத் தள்ளிவிட்டு, என் மனத்துக்குப் பிடித்த இன்னொரு பெரிய மனிதரை அந்த இடத்தில் உட்கார வைக்கிறேன். அதே விமானத்தில் ஒரு தாயும் இரண்டு பெண் குழந்தைகளும் இருந்தார்கள். பெரியவளுக்கு 11 வயது. சின்னவளுக்கு ஒன்றரை.

*

ஐபிஸுக்கு ஐந்து ஆண்டு முன்னால், 1938 ஆகஸ்ட் 24. ஹாங்காங்கிலிருந்து சுங்கிங் நோக்கிக் கிளம்பிய சீனப் பயணிகள் விமானம் குவெய்லினை ஜப்பானியப் போர் விமானங்கள் துரத்தின. அமெரிக்க விமானி அதை ஆற்றில் இறக்கினார். இறங்கிய பிறகும் மேலிருந்து சுட்டார்கள். மூவர்தான் பிழைத்தார்கள். எதிரி விமானங்களால் வீழ்த்தப்பட்ட முதல் பயணிகள் விமானம் என்று இதைச் சொல்வார்கள்.

இங்கேயும் உடனே ஒரு பெயர் வந்தது. சீனத் தலைவர் சுன் யாட்-சென்னின் மகன் சுன் ஃபோ அதில் வருவதாக ஜப்பானியர் நினைத்தார்கள் என்றார்கள். அவர் வேறொரு விமானத்தில் முன்னதாகவே போய்விட்டார்.

எனக்கு வியப்பு அதுவல்ல. குவெய்லினை ஆற்றிலிருந்து எடுத்து, பழுது பார்த்து, பெயரை சுங்கிங் என்று மாற்றி மறுபடி பறக்க விட்டார்கள். 1940 அக்டோபரில் அதே விமானத்தை ஜப்பானியர் மறுபடி தாக்கி அழித்தார்கள். அந்த இரண்டாம் முறை இறந்தவர்களைப் பற்றி எந்தப் பெரிய மனிதர் கதையும் என் கண்ணில் படவில்லை. முதல் தடவைக்குப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் இரண்டாம் தடவையை ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள்.

*

ரொடீஷியா (இன்றைய ஜிம்பாப்வே), 1979 பிப்ரவரி 12. கரீபாவிலிருந்து கிளம்பிய வைக்கவுன்ட் விமானத்தைக் கெரில்லாக்கள் தோளில் வைத்து ஏவும் ஏவுகணையால் வீழ்த்தினார்கள். 59 பேர் இறந்தார்கள். தளபதி பீட்டர் வால்ஸ் அதில் இருப்பதாக நினைத்தோம் என்று பிறகு சொன்னார்கள். அவர் அடுத்த விமானத்தில் இருந்தார். இதில் எனக்குச் சொல்ல அதிகம் இல்லை. சுட்டவர்களே பெரிய மனிதரை முன்னால் நிறுத்திப் பேசியது இங்கேதான்.

உக்ரைன், 2014 ஜூலை 17. மலேசியாவின் எம்.எச்.17, ஆம்ஸ்டர்டாமிலிருந்து கோலாலம்பூர். 298 பேர், அவர்களில் 80 பேர் குழந்தைகள். சில மணி நேரத்துக்குள் ரஷ்ய ஊடகங்களில் ஒரு செய்தி: புதினின் விமானமும் அந்தப் பக்கமாகத்தான் வந்ததாம், குறி அவருக்காக இருக்கலாமாம். மேற்கு ஊடகங்களில் இன்னொன்று: மெல்பர்ன் எய்ட்ஸ் மாநாட்டுக்குப் போன அறிவியலாளர்கள் நூறு பேர் அதில் இருந்தார்களாம். இருந்தவர்கள் ஆறு பேர். ஒரு பக்கம் அதிபர், மறுபக்கம் அறிவியல். விடுமுறைக்குப் போனவர்களின் சாவு மட்டும் போதாது என்று இரு தரப்புக்குமே தோன்றியிருக்கிறது.

அன்று கிழக்கு உக்ரைன் வான்வெளி 32,000 அடி வரைதான் மூடப்பட்டிருந்தது. விமானம் 33,000 அடியில் போனது. அதே நாளில் அந்தப் பகுதியின் மேல் 160 விமானங்கள் பறந்திருந்தன. லிஸ்பன் கணக்குதான் மறுபடியும்.

*

ஒரே ஒரு நிகழ்வில் இதெல்லாம் தலைகீழாகிவிட்டது. அது நம் நாட்டில். பயணிகள் சேவை விமானம் இல்லை, குஜராத் அரசின் சிறிய பீச்கிராஃப்ட். ஆனாலும் ராணுவத்துக்குத் தொடர்பில்லாதது.

1965 செப்டம்பர் 19. முதலமைச்சர் பல்வந்தராய் மேத்தா, அவர் மனைவி, உதவியாளர்கள், ஒரு பத்திரிகையாளர், இரண்டு விமானப் பணியாளர்கள், ஆக எட்டு பேர். கட்ச் எல்லைப் பக்கம் வந்தபோது பாகிஸ்தான் விமானப் படையின் இளம் விமானி கைஸ் ஹுசைன் அந்த விமானத்தைக் கண்டார். பயணிகள் விமானம் என்று தெரிந்தது, கீழே சொன்னார். திரும்பி வா என்று சொல்வார்கள் என எதிர்பார்த்தார். சுடு என்றார்கள். அந்தச் சிறிய விமானம் கருணை கேட்பதுபோல் இறக்கைகளை அசைத்தது என்று அவரே பின்னால் எழுதினார். சுட்டார். உள்ளே இருந்தது முதலமைச்சர் என்று அன்று மாலை வானொலிச் செய்தியில்தான் அவருக்குத் தெரிந்தது.

மற்ற இடங்களில் இல்லாத பெரிய மனிதரை இருந்ததாகச் சொன்னார்கள். இங்கே உண்மையிலேயே இருந்தார், சுட்டவருக்குத் தெரியாது.

நாற்பத்தாறு ஆண்டுகள் கழித்து, 2011இல், கைஸ் ஹுசைன் ஒரு கடிதம் எழுதினார். அது முதலமைச்சரின் குடும்பத்துக்குப் போகவில்லை. விமானத்தை ஓட்டிய ஜஹாங்கீர் எஞ்சினியரின் மகளுக்குப் போனது. கட்டளைக்குக் கீழ்ப்படிந்ததையும் அந்த உயிர்களுக்காக வருந்துவதையும் எழுதியிருந்தார். அவர் மேல் வெறுப்பு தங்களுக்கு ஒருபோதும் இருந்ததில்லை என்று மகள் பதில் எழுதினார். வாசித்தவற்றில் நான் திரும்பத் திரும்பப் புரட்டும் பக்கம் இது. கடிதம் யாருக்குப் போனது என்பதற்காகத்தான்.

*

இடையில் ஒரு பழைய நினைவு. புறநானூற்றின் ஒன்பதாம் பாட்டு, நெட்டிமையார் பாண்டியன் முதுகுடுமிப் பெருவழுதியைப் பாடியது. அம்பு விடுமுன் அறிவித்துவிட்டுச் சண்டை போடுகிறவன் என்று அவனைப் புகழ்கிறது. பாதுகாப்பான இடத்துக்குப் போய்விட வேண்டியவர்களை வரிசையாகச் சொல்கிறது: பசுக்கள், பார்ப்பனர், பெண்கள், நோயாளிகள், பிள்ளைப்பேறு இல்லாதவர்கள். போர் அறத்துக்கு மேடையில் எப்போதும் காட்டப்படும் பாட்டு. வழிப்போக்கர் அந்த வரிசையில் இல்லை என்பதை இப்போதுதான் கவனித்தேன். போர் நடக்கும் இடத்தில் ஊர்க்காரர் யார், பகைவர் யார் என்று புலவருக்குத் தெரிகிறது. வெறுமனே கடந்து போகிறவரைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை.

*

1988 ஜூலை 3, ஈரானின் பந்தர் அப்பாஸ். துபாய்க்கு 28 நிமிடப் பயணம். ஈரான் ஏர் 655 அன்று 27 நிமிடம் தாமதமாக, 10.17க்குக் கிளம்பியது. ஏழு நிமிடத்தில் அமெரிக்கப் போர்க்கப்பல் வின்சென்ஸ் ஏவிய இரண்டு ஏவுகணைகளால் சிதறியது. 290 பேர், அவர்களில் 66 குழந்தைகள். பத்து இந்தியர்களும் இருந்தார்கள்.

அன்று காலை அந்தக் கப்பல் ஈரானியச் சிறு படகுகளோடு சண்டையில் இருந்தது. வந்த விமானத்தை எஃப்-14 போர் விமானம் என்று நினைத்தார்கள். கப்பலில் பயணிகள் விமானங்களின் கால அட்டவணை இருந்தது. பார்த்தவர் கண்ணில் அந்த எண் படவில்லை. வளைகுடாவின் வெவ்வேறு நேர மண்டலங்கள் குழப்பின. மேலே ஏறிக்கொண்டிருந்த விமானம் கீழே பாய்வதாகச் சொன்னார்கள். கப்பலின் கருவிகள் ஏறுவதாகவே பதிவு செய்திருந்தன. எச்சரிக்கைகளில் பெரும்பாலானவை ராணுவ அலைவரிசையில் போயின, பயணிகள் விமானத்தில் அது கேட்காது. பக்கத்தில் இருந்த சைட்ஸ் என்ற இன்னொரு அமெரிக்கக் கப்பலின் தளபதி டேவிட் கார்ல்சன், அது ஆபத்தான விமானம் இல்லை என்று முடிவுக்கு வந்திருந்தார். பின்னால் வெளிப்படையாக எழுதவும் செய்தார்.

இந்த விமானத்தைச் சுற்றிப் பெரிய மனிதர் கதை எதுவும் பரவியதாக நான் காணவில்லை. அதனால் நடந்ததை நடந்தபடி பார்க்க முடிகிறது. பயமும் அவசரமும் ஒரு திரையும்.

1996இல் அமெரிக்கா இறந்த 248 ஈரானியரின் குடும்பங்களுக்காக 6 கோடியே 18 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது. சம்பாதிக்கிறவராக இருந்தால் தலைக்கு 3 லட்சம், சம்பாதிக்காதவராக இருந்தால் ஒன்றரை லட்சம். குழந்தைகளும் இல்லத்தரசிகளும் பாதி விலை. இழப்பீட்டுச் சட்டத்தில் இப்படித்தான் கணக்குப் போடுவார்கள் என்று வழக்கறிஞர்கள் சொல்வார்கள். சொல்லட்டும். பெரிய மனிதர், சின்ன மனிதர் என்று வதந்தி செய்யும் வேலையை இங்கே ஒப்பந்தம் செய்திருக்கிறது.

*

1998 செப்டம்பர் 29. யாழ்ப்பாணம் பலாலியிலிருந்து கொழும்புக்கு லயன் ஏர் 602. இந்தோனேசிய நிறுவனம் அல்ல, இலங்கையில் அந்தப் பெயரில் ஒன்று இருந்தது. அன்ரனோவ் விமானம், 48 பயணிகள், ஏழு பணியாளர்கள். பயணிகள் தமிழர்கள்.

அந்த நாட்களில் ஏ9 வீதி பூட்டிக் கிடந்தது. குடாநாட்டிலிருந்து வெளியே போக ஒன்று கப்பல், இல்லையென்றால் விமானம். விமானத்தில் போனவர்கள் வசதிக்காகப் போகவில்லை. கொழும்பில் மருத்துவரைப் பார்க்க வேண்டியவரும், விசா எடுக்க வேண்டியவரும், கலியாணத்துக்குப் போக வேண்டியவரும் அனுமதி வாங்கி, வரிசையில் நின்று, சோதனைகள் கடந்து ஏறும் விமானம் அது. கிளம்பிச் சிறிது நேரத்தில் மன்னார்க் கடல் பக்கம் தொடர்பு அறுந்தது. ஒருவரும் பிழைக்கவில்லை. விடுதலைப் புலிகள் ஏவுகணையால் வீழ்த்தினார்கள் என்பதே பரவலாக ஏற்கப்பட்ட முடிவு.

2012இல், பதினான்கு ஆண்டுகள் கழித்து, இரணைதீவுக்கு அருகே கடலடியில் சிதைவுகள் கண்டெடுக்கப்பட்டன. கடலிலிருந்து கிடைத்த உடைகளும் பொருட்களும் 2014 தொடக்கத்தில் உறவினர்கள் அடையாளம் காண்பதற்காக வைக்கப்பட்டன. பதினைந்து வருடம் உப்புநீரில் கிடந்த துணியைக் கையிலெடுத்து இது என் அக்காவுடையது என்று சொல்வது எப்படி இருக்கும் என்பதை நான் எழுதப் போவதில்லை.

இந்த விமானத்தைப் பற்றி நம்மிடையே பேச்சு குறைவு. பேசினால் எந்தப் பக்கம் என்ற கேள்வி உடனே வருகிறது. அரசுத் தரப்புக்கு இது புலிகளின் குற்றப்பட்டியலில் ஒரு வரி. மற்றத் தரப்புக்குத் தவிர்க்க விரும்பும் ஒரு வரி. நடிகர் இல்லை, தளபதி இல்லை, வதந்தி சேர்வதற்கு முகமும் இல்லை. போரில் விழுந்த வீரனுக்கு நடுகல் நட்டு, அதில் பெயர் பொறித்த மரபு நமக்கு உண்டு. கலியாணத்துக்குப் போனவருக்கு அந்த மரபில் இடமில்லை.

எம்.எச்.17 வழக்கு 2020 மார்ச்சில் நெதர்லாந்தில் தொடங்கியபோது, வாதங்களுக்கு முன்னால் 298 பெயர்களையும் நீதிமன்றத்தில் வாசித்தார்கள். ஆய்வாளரும் கைக்குழந்தையும் அதே பட்டியலில், அதே குரலில். நம் இதழ்களால் வழக்கு நடத்த முடியாது. பெயர்களை அச்சிட முடியும். செப்டம்பர் 29 ஒவ்வொரு ஆண்டும் வருகிறது. லயன் ஏர் 602இல் போன 48 பேரின் பெயர்களையும், அவர்களோடு இறந்த ஏழு பணியாளர்களின் பெயர்களையும் குடும்பங்களைக் கேட்டு, அகர வரிசையில், தொழிலும் பதவியும் போடாமல் அச்சிடுங்கள். ஒரு பக்கம் போதும்.